பாக்குவாய்ச்சியின் கடைவாய்ப் பல்

செவக்காட்டூரில் யாருக்குப் பல் உடைந்தாலும் அதை முறுக்குத்தான் உடைத்தது. சோடா மூடியைப் பல்லால் திறந்தவனும் முறுக்கு என்றான், நண்டுக் காலை நறுக்கென்று கடித்தவளும் முறுக்கு என்றாள், சோற்றில் கல் கடித்தவர்கள், பைக்கிலிருந்து விழுந்தவர்கள், குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லக்கூட அலுத்துப்போன மனைவிமார்கள், தூக்கத்தில் பல்லை நறநறவென்று அரைத்து அரைத்துக் காலையில் பாதிப் பல்லைத் தலையணையில் கண்டெடுத்தவர்கள், எல்லாரும் பல் டாக்டர் உலகம்மாளின் சாய்வு நாற்காலியில் மல்லாந்து படுத்து, மேலே தொங்கும் விளக்கைப் பார்த்தபடி, முறுக்குத் தின்னேன் டாக்டரம்மா என்று ஒரே பாடத்தை ஒப்பித்தார்கள். அந்த ஊர் முறுக்கோ வாயில் போட்டால் கரைந்துபோகிற வெண்ணெய் முறுக்கு. அது அவர்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வந்த புதிதில் உலகம்மாள் விடாமல் துருவிக் கேட்டாள். பிறகு ஒரு தடவை மட்டும் கேட்டாள். இப்போதெல்லாம் கேட்பதோடு சரி, பதிலைக் காதில் வாங்குவதில்லை. ஓரம் சிதறிய பல்லுக்குப் பசை வைத்து நீல வெளிச்சம் காட்டி இறுக்கினாள், விரிசல் விட்ட பல்லுக்கு கேப் போட்டாள், நரம்பு வரைக்கும் உடைந்திருந்தால் வேரைச் சுத்தம் பண்ணி அடைத்தாள், வேரே பிளந்திருந்தால் பிடுங்கினாள், பிடுங்கிய இடத்துக்குப் பல்செட்டு கட்டினாள், இத்தனையும் செய்தபடியே ஏசினாள். வலி வந்தபிறகுதான் வருவீங்களா, செட்டைக் கழுவும்போது அடியில் தண்ணீர் வைக்கச் சொன்னேனா இல்லையா, வாயா இது குப்பைத்தொட்டியா என்று ஏசினாள். வாயில் பஞ்சும் குழாயுமாகக் கிடக்கிறவர்களால் பதில் சொல்ல முடியாது என்பதால் அந்த ஏச்சு தங்குதடையில்லாமல் போகும். அவளிடம் ஏச்சு வாங்காத வாய் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

அவளுடைய கடைவாய்ப் பல்லும் உடைந்ததுதான். அம்மா செத்த வருசத்திலிருந்து அவளும் தூக்கத்தில் பல்லை அரைத்தாள், காலையில் தாடை கனக்க எழுந்தாள், அரைப்பைத் தடுக்க ஒரு பிளாஸ்டிக் உறையைப் பல்லில் மாட்டிக்கொண்டு படுத்தாள். உடைந்த பல்லுக்கு கேப் போடத் திருநெல்வேலியில் கூடப் படித்த ஒருத்தியிடம் போனபோது, எப்படி உடைந்தது என்று அவள் கேட்க, உலகம்மாள் விளக்கைப் பார்த்தபடி முறுக்கு என்றாள்.

ஜன்னலோரத்து அலமாரியில், செட்டு கட்டிக்கொண்டவர்களின் ஈறுகளைப் பிளாஸ்டரில் வார்த்த அச்சுகள் வரிசையாக இருந்தன. அவர்களில் பலர் செத்துப்போயிருந்தார்கள், ஈறுகள் மட்டும் இருந்தன. உதவிக்கு இருந்து தூசி தட்டுகிற ஜெபக்கனி மேல்தட்டின் ஓரத்து அச்சை மட்டும் தொடமாட்டாள். அது டாக்டரம்மாவின் அம்மா ஆவுடையம்மாளின் வாய். உலகம்மாள் தொழிலுக்கு வந்ததும் கட்டிய முதல் செட்டு அம்மாவுக்குத்தான்.

இப்படியாக ஒரே முறுக்கும் ஒரே ஏச்சுமாகப் போய்க்கொண்டிருக்கையில், ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், குளத்துக்கரைக் கோவிலில் உட்கார்ந்திருந்த பாக்குவாய்ச்சி அம்மன் எழுந்து, பஸ் நிறுத்தத்தையும் பாத்திரக்கடையையும் தாண்டி நடந்து, மாடிப்படி ஏறி, உலகம்மாளின் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். வலது கன்னம் வீங்கியிருந்தது. கன்னத்தை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள்.

ஜெபக்கனி நாசரேத்துக்காரி. ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவச்சி. பல்வலிக்காரர்களை அதட்டி அதட்டி ஐம்பது வயதைத் தொட்டவள். அவள் அம்மனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முன்னால ஆளு இருக்கு. உக்காருங்க," என்று ஒரு டோக்கனைக் கொடுத்தாள். அம்மன் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த லாரி டிரைவர் பதறி எழுந்து, "நீ மொதல்ல போம்மா, நான் பெறகு போறேன்," என்றான். அவள், "இல்லப்பா, ஒனக்கு எனக்கு முந்தியே வலிச்சிருக்கு," என்றாள். அவன் முறை முடிகிறவரை இருந்து, பிறகுதான் உள்ளே போனாள்.

உலகம்மாள் எல்லா நோயாளிகளையும் நீங்க என்றுதான் பேசுவாள், ஏசும்போதுகூட. ஆனால் சாமியை யாரும் நீங்க என்பதில்லையே. "வாயத் தெற," என்றாள். "எப்படி ஒடைஞ்சிச்சி?"

"முறுக்குத் தின்னேன்," என்றாள் அம்மன்.

உலகம்மாள் விளக்கை இழுத்து வாய்க்குள் காட்டினாள். வலது கீழ்க் கடைவாய்ப் பல், தேங்காய்ப் பத்தை அளவுக்கு இருந்தது, குறுக்கே பிளந்து நரம்பு தெரிந்தது. அதைச் சுற்றி, இரண்டு கன்னத்திலும், நாக்குக்கு அடியிலும், ஈறின் இடுக்கிலும், கொட்டைப்பாக்காக அடைந்து கிடந்தது. நெருக்கிக்கொண்டு கிடந்த அந்தப் பாக்குகளுக்கு இடையில் நாக்கைப் புரட்டுவதே பாடாக இருந்ததால்தான் அம்மன் இத்தனை காலமும் யாரோடும் பேசவில்லை போலிருக்கிறது.

செவக்காட்டூரில் அது வழக்கம். ஒருவருக்கு இன்னொருவர் அநியாயம் செய்துவிட்டால், பாதிக்கப்பட்டவர் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு ஒரு கொட்டைப்பாக்கைக் கொண்டுபோய், எதிராளியின் பேரைச் சொல்லி அம்மனின் திறந்த வாயில் வைத்துவிட்டு வருவார். அம்மன் அந்தப் பாக்கை என்றைக்குக் கடித்து உடைக்கிறாளோ அன்றைக்குப் பேருக்குரியவர் சாய்வார். வைத்த பாக்கை வைத்தவர் மட்டுந்தான் எடுக்க முடியும், வேறு யார் இழுத்தாலும் அசையாது. எடுப்பதற்கும் ஒரு விதி உண்டு. எடுத்ததை வெற்றிலையில் வைத்து, யார் பேரைச் சொல்லி வைத்தாரோ அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி எதிராளி வீட்டுப் படியேறி வெற்றிலை பாக்குக் கொடுப்பதைவிட, பாக்கு சாமி வாயிலேயே கிடக்கட்டும் என்று இருந்துவிடுவதுதான் மனுச சுபாவம். ஆகையால் வைத்தவர்கள் உண்டே தவிர எடுத்தவர்கள் கிடையாது.

"ராத்திரி அரைக்கியா?" என்று கேட்டாள் உலகம்மாள்.

அம்மன் தலையாட்டினாள்.

"வேர் சிகிச்சை பண்ணி கேப் போடணும். அதுக்கு மொதல்ல வாய் காலியா இருக்கணும். இத்தனையையும் வாயில வச்சிக்கிட்டு எப்படித்தான் இருந்தியோ. ஒனக்கு அறிவு வேண்டாமா?" என்றாள். அம்மனும் மற்றவர்களைப் போலவே வாயைத் திறந்தபடி ஏச்சைக் கேட்டுக்கொண்டாள். ஏசும்போதே உலகம்மாள் இடது கன்னத்தின் உட்பக்கம் ஒருமுறை பார்த்தாள், விளக்கைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பினாள்.

வலி அடங்குகிறவரைக்கும் அம்மன் அங்கேயே தங்கினாள். காத்திருப்போர் அறையில் மூலை நாற்காலி அவளுக்கென்று ஆனது. சாயங்காலம் பூட்டிக்கொண்டு போகும்போது ஜெபக்கனி, "அம்மா, காத்தாடிய நிறுத்திட்டுப் படுங்க," என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஊர் முதலில் கோவிலுக்குப் போவதா ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று தடுமாறியது, பிறகு இரண்டுக்கும் போனது. பூக்காரி மாடிப்படிக்குக் கீழே கடையை மாற்றிக்கொண்டாள். புகைபிடிக்கக் கூடாது என்ற பலகைக்கு அடியில் கற்பூரம் எரிந்தது. அம்மன் வாய் கொப்பளித்த தண்ணீரைப் பிடித்துப்போகப் பாட்டிலோடு வந்தவர்களை, அதில் மருந்து கலந்திருக்கிறது, குடித்தால் வயிற்றைக் கலக்கும் என்று உலகம்மாள் ஏசி விரட்டினாள். அதைக் குடித்து வயிற்றைக் கலக்கியவர்கள் நல்ல சாமி, கெட்டதெல்லாம் போய்விட்டது என்றார்கள். கோவிலில் அருள் வந்து ஆடுகிற கோமரத்தாடி சுடலைக்கண்ணுதான் பாவம். மேளக்காரர்கள் எவ்வளவு அடித்தும் அவருக்கு ஆட்டம் வரவில்லை. ஆஸ்பத்திரிப் படியில் வந்து குந்திக்கொண்டார். அம்மனுக்கு மரத்துப்போகிற ஊசி போட்ட அன்று அவருக்கும் வலது கன்னம் மரத்து, குடித்த காப்பியெல்லாம் வேட்டியில் வழிந்தது. "பரவாயில்ல, தொடர்பு இருக்கு," என்று துடைத்துக்கொண்டார்.

ஆடிக் கொடைத் திருவிழாவுக்குள் அம்மன் கோவிலுக்குத் திரும்பியாக வேண்டும். அதற்குப் பல் கட்டியாக வேண்டும், அதற்கு வாய் காலியாக வேண்டும். ஆகவே பாக்கு வைத்தவர்கள் எல்லாரும் வந்து எடுத்துக்கொள்ளுமாறு தமுக்கடித்தார்கள். முதலில் ஒருவரும் வரவில்லை. யார் யார் மேல் வைத்தார்கள் என்பது வெளியே தெரிந்துவிடும் என்று அவரவர் வீட்டுக்குள் இருந்தார்கள். பிறகு அம்மன் முனகுகிற சத்தம் மாடியிலிருந்து கடைத்தெரு வரைக்கும் கேட்கத் தொடங்கியது. பெற்ற தாய் முனகினால்கூடத் தூங்கிவிடலாம், இந்த முனகலில் யாராலும் தூங்க முடியவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக, கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டு, மாடியேறி வந்தார்கள்.

கமிஷன்கடை அருணாசலம் தன் பாக்கை எடுத்துக்கொண்டு அழுதுவிட்டார். அண்ணன் பேரில் வைத்தது, அண்ணன் போன தையில்தான் செத்தார். சமாதியில் வெற்றிலையோடு வைத்துவிட்டு வந்தார், காக்கா வெற்றிலையைத் தூக்கிக்கொண்டு பாக்கை விட்டுவிட்டுப் போனது. தச்சாசாரித் தெருவில் ஒருத்திக்குத் தான் யார் மேல் வைத்தோம் என்பதே மறந்துபோயிருந்தது. வாங்கிக்கிடுங்க, ஒங்க மேல வச்சதா இருந்தாலும் இருக்கும் என்று தெரு முழுக்க ஒவ்வொரு வாசலிலும் நீட்டிக்கொண்டே போனாள். கடைசி வீட்டுக்காரி ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எதிராளியின் முகத்தில் விழிக்க மனமில்லாமல் மதில்மேல் வைத்துவிட்டு ஓடியவர்களும் உண்டு. அந்தப் பாக்குகள் மறுநாள் காலையில் அம்மன் வாய்க்கே திரும்பி வந்திருந்தன, ஜெபக்கனி ஆளனுப்பி அவர்களைத் திரும்பக் கூப்பிட்டாள். அந்த நாட்களில் யாராவது வெற்றிலையும் கையுமாகத் தெருவில் வந்தால் ஜனங்கள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார்கள், நம் வீட்டுக்கா என்று. வாங்கியவர்களும் கொடுத்தவர்களும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஊரே சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்குப் போய்வந்தது போல அசந்து கிடந்தது.

வாய் காலியாகிக்கொண்டே வந்தது. இடது கன்னத்தில் ஒரு பாக்கு மட்டும் அப்படியே இருந்தது. உலகம்மாள் நாள்தோறும் அதைப் பார்க்காமல் மற்ற வேலைகளைப் பார்த்தாள். ஜெபக்கனிதான் ஒருநாள் மத்தியானம், கூட்டம் கலைந்தபிறகு, கருவிகளைக் கழுவியபடி, "இத எடுக்க இன்னும் யாரு வரணும் டாக்டரம்மா?" என்றாள்.

"ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீங்க சொல்லட்டும்னு இருந்தேன்," என்று சொல்லிவிட்டு ஜெபக்கனி வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்தப் பாக்கு உலகம்மாள் வைத்தது. படித்தவள், பல்லின் வேரையும் நரம்பையும் பிரித்து அறிந்தவள், குளத்தில் முழுகி ஈரச்சேலையோடு போய் வைத்தாள். தங்கை சொர்ணத்தின் பேரைச் சொல்லி வைத்தாள். அம்மா கடைசியில் தென்காசியில் சொர்ணத்தின் வீட்டில் இருந்தாள். அங்கே காய்ச்சலில் படுத்தாள், படுத்ததைச் சொர்ணம் அக்காவுக்குச் சொல்லவில்லை. அம்மா செத்த அன்றுதான் போன் பண்ணினாள். உலகம்மாள் அன்று மலைமேல் எஸ்டேட்டில் பல் முகாமுக்குப் போயிருந்தாள், அங்கே சிக்னல் இல்லை. சேதி கிடைத்து, லாரி பிடித்து, பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் புகைதான் இருந்தது. சித்திரை வெயிலில் இனி வைத்திருக்க முடியாது என்று எடுத்துவிட்டார்கள். அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. நெருப்பு வைத்தவர்கள்மேல் அவளுக்கு வருத்தமில்லை. அம்மா படுத்த அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முகாமுக்கே போயிருக்கமாட்டாளே. கூடியிருந்த சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் சொர்ணத்தைப் பார்த்து, அம்மையக் கொன்னவ நீதான் என்றாள். அதற்குப்பிறகு அக்காளும் தங்கையும் பேசவில்லை.

உலகம்மாள் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் அம்மனின் இடது கன்னத்துக்குள் தொட்டாள். பாக்கு உடனே கழன்று வந்துவிட்டது. இத்தனை வருசம் சுமந்தது இவ்வளவு லேசாக வந்துவிட்டதே என்று அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"இத ஏன் நீ கடிக்கல?" என்று கேட்டாள்.

அம்மன் வலது பக்கத்தைக் காட்டினாள். உடைந்த பல்லின் பிளவுக்கு நேர் கீழே, ஈறோடு ஈறாக அழுந்தி, கண்ணுக்கே தெரியாமல் இன்னொரு பாக்கு இருந்தது. உலகம்மாள் இடுக்கியால் பற்றி இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை.

"இது யாரு வச்சது?"

"சொர்ணம்."

யார் பேரைச் சொல்லி என்று உலகம்மாள் கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே வாரத்துல வந்திய," என்றாள் அம்மன். "ஒண்ணக் கடிச்சா மத்ததையும் கடிக்கணும். ஒங்க அம்மை எனக்கு வெள்ளிக்கெழம தவறாம வெளக்குப் போட்டவ. அவ பிள்ளைய ரெண்டையும் நான் என்னத்தச் செய்ய. கடிக்கவும் முடியல, துப்பவும் எனக்கு உரிமையில்ல. வாயிலயே வச்சி உருட்டிக்கிட்டுக் கெடந்தேன், பல்லு போச்சி."

அவள் குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. அந்த அலுப்பு உலகம்மாளுக்கு நன்றாகத் தெரிந்த அலுப்பு.

தென்காசியில் சொர்ணத்தின் வீடு மாறவில்லை. சொர்ணம் கம்பிக்கதவுக்கு உள்ளேயே நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. உலகம்மாள் வெற்றிலையில் பாக்கை வைத்துக் கம்பி வழியாக நீட்டினாள்.

"அங்ஙன வச்சிட்டுப் போ," என்றாள் சொர்ணம்.

"கையில வாங்கணும்."

"நீ வச்சத எடுத்திட்டல்லா. அது போதும்."

"நீ வச்சது ஒண்ணு அங்க இருக்கு. நீ வந்தாத்தான் வரும்."

"இருக்கட்டும்," என்றாள் சொர்ணம். "என்னைய ஊரு முன்னால சொன்ன சொல்லு இன்னும் இங்கதான் இருக்கு. அது எங்க போவும்?" நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

உலகம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். வெற்றிலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். பின்னாலிருந்து சொர்ணம், "அம்மனுக்கு ரொம்ப வலிக்கோ?" என்றாள்.

"ஆமா. ராத்திரியெல்லாம் முனகுதா."

"ஒனக்கு?"

உலகம்மாள் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தாள்.

கொடை நெருங்க நெருங்க தங்கையை எப்படியாவது கூட்டிவரச் சொல்லி ஊர் அவளை நச்சரித்தது. காய்கறிக்கடைக்காரர் கொசுறு கொடுக்கும்போது கேட்டார், லாரி டிரைவர் வண்டியை நிறுத்திக் கேட்டான், சுடலைக்கண்ணு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, தாயி, என்னாலயும் முடியல என்றார். எல்லாரும் அவரவர் எதிராளியின் வாசலில் நின்றுவிட்டு வந்தவர்கள் என்பதால் யாரும் அதட்டிச் சொல்லவில்லை. உலகம்மாள் அவர்களை ஏசாமல் கேட்டுக்கொண்டாள். அதுதான் ஊருக்கு அம்மன் நடந்து வந்ததைவிடப் பெரிய அதிசயமாக இருந்தது.

பின்னால் நடந்ததைச் சொல்லிவிடலாம், அதில் ஒளிவுமறைவில்லை. அம்மனுக்கு வேர் சிகிச்சை நடந்தது, பல் முழுவதையும் மூடுகிற கேப் போட்டாயிற்று, ராத்திரி மாட்டிக்கொள்ள ஒரு உறையும் செய்து கொடுத்தாயிற்று. சூடாக எதுவும் இன்றைக்குக் குடிக்காதீங்க என்று ஜெபக்கனி சொல்ல, அம்மன் சரி என்று படியிறங்கிக் கோவிலுக்கு நடந்தாள். ஆடிக் கொடையில் சுடலைக்கண்ணுக்கு ஆட்டம் வந்தது. கோவில் கமிட்டி கூடிப் பேசி, இனிமேல் கொட்டைப்பாக்கு வைக்கக் கூடாது, சீவல் மட்டுமே வைக்கலாம் என்று பலகை எழுதிவைத்தது. இப்போதும் ஜனங்கள் வைக்கிறார்கள். சீவலாகத்தான் வைக்கிறார்கள், அம்மனும் வெற்றிலை போடுகிற மாதிரி மென்றுவிடுகிறாள், எதிராளிகளுக்கு மூன்று நாள் ஜலதோசம் பிடிக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சொர்ணம் வந்தாள்.

மாடியேறி வந்து, எல்லாரையும் போல டோக்கன் வாங்கி, முறை வருகிறவரை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெபக்கனி கூப்பிட்டதும் உள்ளே வந்தாள். சாய்வு நாற்காலியில் அம்மன் கழுத்தில் துண்டு கட்டி, வாயைத் திறந்தபடி படுத்திருந்தாள். சொர்ணம் அவளைக் கும்பிட்டுவிட்டு, வலது கன்னத்துக்குள் இரண்டு விரலை விட்டாள். பாக்கு வந்தது. அம்மன் ஒரு பெருமூச்சு விட்டாள், ஜன்னல் திரை அசைந்தது.

உலகம்மாள் கையை நீட்டினாள். சொர்ணம் பாக்கைக் கொடுக்கவில்லை. அதை இடது கையில் இறுக்கிக்கொண்டு, வலது கையால் பையிலிருந்து ஒரு பழைய கைக்குட்டை முடிச்சை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"மொதல்ல இதப் பாரு."

உள்ளே அம்மாவின் மேல் செட்டு இருந்தது. நடுவில் இரண்டாக உடைந்து, ஏதோ பழுப்புப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டினவர் ஒரு பாதியை ஏற்றி ஒரு பாதியை இறக்கி ஒட்டியிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு யாராலும் வாயை மூட முடியாது.

உலகம்மாளின் வாயில் பழக்கதோசத்தில் அந்தக் கேள்வி வந்தது. "எப்படி ஒடைஞ்சிச்சி?"

"முறுக்கு இல்லக்கா," என்றாள் சொர்ணம். "அம்மை கழுவும்போது கை தவறித் தொட்டியில விழுந்திட்டு. சிமெண்டுத் தொட்டி."

"அடியில தண்ணி வச்சிக்கிட்டுக் கழுவணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். ஒரு தடவையாவது சொன்ன பேச்சக் கேட்டா..."

"இதுக்குத்தான்," என்றாள் சொர்ணம். "அம்மை இதுக்குத்தான் பயந்தா."

சொர்ணம் அக்காவின் கையிலிருந்த செட்டைப் பார்த்தபடி மேலே சொன்னாள்.

"மறுநாளே காய்ச்சல். நான் போன எடுத்தேன்க்கா, ஒனக்குச் சொல்லுததுக்கு. அம்மை கையப் பிடிச்சிக்கிட்டா. பெரியவ ஏசுவா, அவ மொத மொத கட்டின செட்டு, ஒடைச்சிப்போட்டேன்னா ஏசுவா, ஒட்டி வாங்கிட்டு வா, வாயில போட்டுக்கிட்டுப் பெறகு அவளக் கூப்பிடுவோம்னா. சும்மா காய்ச்சல்தானேன்னு நானும் இருந்திட்டேன். தென்காசியில எந்தப் பல் டாக்டருகிட்ட கொண்டு போனாலும் ஒன் காதுக்கு வந்திரும்னு, கொட ரிப்பேர் பாக்குதவருகிட்ட கொடுத்தேன். அவரு இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தாரு. அவரு கொண்டாந்து கொடுத்தப்ப அம்மை போயி, நாடியும் கட்டியாச்சி. கட்ட அவுத்து வாயில வச்சிப் பாத்தேன்க்கா. சேரல."

உலகம்மாள் ஜெபக்கனியின் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எல்லார் வாயையும் ஏசி ஏசி அதிலேயே சம்பாதித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளுக்கு, அந்த ஏச்சு பெற்றவளின் கட்டில் வரைக்கும் போயிருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. சொர்ணத்தின் மேல் இருந்த கோபத்தை அவள் தேடிப்பார்த்தாள். அதைக் காணோம். அது இருந்த இடம் அப்படியே வலித்தது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லட்டி," என்றாள் மெல்ல.

"சொல்ல விட்டியா?" என்றாள் சொர்ணம்.

உலகம்மாள் எழுந்தாள். நோயாளியைக் காக்க வைத்திருக்கிறோம் என்ற நினைவு வந்து, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அம்மனின் பக்கம் திரும்பி விளக்கை இழுத்தாள். அம்மன் விளக்கைத் தன் கையால் தள்ளிவிட்டாள்.

"மொதல்ல அதப் பாரு," என்றாள். "நான் இருந்துக்கிடுதேன்."

உலகம்மாள் பழுப்புப் பசையைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தாள். சொர்ணம் பக்கத்தில் நின்று, கேட்கும் முன்னாலேயே பஞ்சை எடுத்துக் கொடுத்தாள். பாதிகள் இரண்டும் பிரிந்ததும் உலகம்மாள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து அம்மாவின் அச்சை எடுத்து ஊதித் துடைத்தாள், பாதிகளை அந்த ஈறில் பொருத்தினாள், பொருத்திய இடத்தில் இளஞ்சிவப்புத் தூளைத் தூவி மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அந்த மருந்தின் காரமான வாடை அறையெல்லாம் பரவியது. அது இறுகுகிறவரை மூன்று பேரும் காத்திருந்தார்கள். பிறகு அவள் ஒட்டிய இடத்தை அரத்தால் ராவி வழவழப்பாக்கி, செட்டைக் கழுவினாள், அடியில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் கழுவினாள், மறுபடியும் அச்சில் மாட்டி மேசைமேல் வைத்தாள்.

சரியாக உட்கார்ந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவே அம்மாவுக்கு இயற்கையாக இருந்த சின்ன இடைவெளியை, அவள் ஆசையாகக் கேட்டாள் என்று உலகம்மாள் விட்டுக் கட்டியிருந்தாள். அந்த இடைவெளியோடு அம்மா மேசைமேல் இருந்தாள்.

சொர்ணம் இடது கையை விரித்தாள். பாக்கு வியர்வையில் நனைந்திருந்தது, அதைப் பையிலிருந்த வெற்றிலையில் வைத்து நீட்டினாள். உலகம்மாள் அதை வாங்கிக்கொண்டு, தன் பைக்குள் பாக்கோடு வாடிக்கிடந்த வெற்றிலை மடிப்பை எடுத்துத் தங்கையின் கையில் வைத்தாள். அப்புறம் அந்தப் பல்வரிசையைப் பார்த்தாள், நடுவீட்டில் கிடத்தியிருக்கிறவர்களைப் பார்க்கிற மாதிரி கண்ணெடுக்காமல் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தவள் எம்மா என்று வாய்விட்டு அலறினாள். சொர்ணம் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் தோளோடு தோள் சேர்த்து, துஷ்டி வீட்டில் பெண்கள் அழுகிற மாதிரி, ராகம் இழுத்து அழுதார்கள்.

வெளியே நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அடுத்த டோக்கன்காரர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, உள்ளே என்ன என்று ஜெபக்கனியைக் கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க. டாக்டரம்மாவோட அம்மை எறந்திட்டாவ."

"எப்ப?"

"இப்பத்தான்," என்றாள் ஜெபக்கனி.